பழைய போலர் டிரெய்லரைப் புதுப்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவில் ஊர்ப்புறமாக வண்டி ஓட்டிப் போனால், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய் உள்ளே தங்கும் முட்டை வடிவ டிரெய்லர் ஒன்றாவது பண்ணை ஓரத்தில் புல் மூடிக் கிடப்பது கண்ணில் படும். ஒன்டாரியோவில் இருக்கும் நம் ஆட்களில் பலர் கோடையில் கூடாரம் போட்டுப் பழகியவர்கள். பிள்ளைகள் வந்த பிறகு, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இருந்தால் நல்லது என்று இந்த மாதிரி டிரெய்லரைத் தேட ஆரம்பிக்கிறார்கள். என்னிடம் எழுபதுகளில் செய்த 13 அடி போலர் ஒன்று இருக்கிறது. அதை முழுசாகப் பிரித்துச் சரிசெய்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

பெயின்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். அதைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். இந்த டிரெய்லர்கள் பிழைப்பதும் போவதும் ஃப்ரேம் (அடியில் தாங்கும் இரும்புச் சட்டம்), ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு), தண்ணீர் என்ற மூன்றில்தான்.

போலர் என்பது என்ன? ஏன் இத்தனை பேர் தேடுகிறார்கள்?

1968-இல் மனிடோபா மாநிலத்து வின்னிபெக் நகரில் ரே ஓலெக்கோ, சாண்டோர் டூசா என்ற இருவர் உருவாக்கிய சின்ன டிரெய்லர் இது. ஓலெக்கோ அதற்கு முன் கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்யும் ஃபைபர்கிளாஸில் செப்டிக் டேங்க் செய்யும் வேலையில் இருந்தவர். டூசா அச்சு செய்வதில் கைதேர்ந்தவர். ஃபைபர்கிளாஸில் வார்த்த உடம்பைத்தான் ஓடு என்கிறேன்: மேலே ஒன்று, கீழே ஒன்று. டிபன் பாக்ஸை மூடுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, நடு இடுப்பில் ஃபைபர்கிளாஸால் ஒட்டிவிட்டார்கள்.

மற்ற பழைய டிரெய்லர்களில் மரச்சட்டம் இருக்கும், அதன்மேல் அலுமினியத் தகடு அடித்திருப்பார்கள். தகட்டின் இணைப்பு வழியாகத் தண்ணீர் புகுந்தால் சுவருக்குள்ளேயே மரம் உளுத்துவிடும். வெளியே தெரியும்போது பாதிச் சுவர் போயிருக்கும். போலரின் ஓட்டுக்குள் அப்படி உளுக்க மரச்சட்டமே கிடையாது, கூரையில் இணைப்பும் கிடையாது. அதனால்தான் ஐம்பது வயதான வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. 2018 ஆகஸ்டில் போலரின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட வின்னிபெக்கில் நூற்றுக்கணக்கான டிரெய்லர்கள் கூடின.

போலர் தயாரிப்பு எண்பதுகளில் நின்றுவிட்டது. அதே வடிவம் அமெரிக்காவுக்குப் போய், மின்னசோட்டாவின் பாக்கஸ் என்ற சின்ன ஊரில் ஸ்கேம்ப் என்ற பெயரில் இன்றும் தயாராகிறது. இதே மாதிரி டிரெய்லர்களில் டெக்சாஸில் கசீட்டா இருக்கிறது, ஒன்டாரியோவில் டிரில்லியம் இருந்தது. கீழே சொல்வதில் பெரும்பகுதி இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஜாக், அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற பழைய பேன்ட். இவை நான்கும் இல்லாமல் போகாதீர்கள். படுத்து அடியில் பார்க்காமல் பணம் கொடுத்தவர்கள்தான் பிறகு அதிகம் வருந்துகிறார்கள்.

முதலில் காகிதம். விற்பவர் பெயரில் உரிமைப் பத்திரம் இருக்கிறதா, அதிலுள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். "தாத்தா வைத்திருந்தது, காகிதம் எங்கேயோ இருக்கும்" என்றால், அது கைக்கு வரும்வரை முன்பணம்கூட வேண்டாம்.

அடுத்தது மூக்கு. கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை வந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. இருக்கைப் பெட்டிகளைத் திறந்து, மூலைகளில் தரையை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். கதவுக்கு உள்பக்கமும் பின்மூலைகளும்தான் முதலில் உளுக்கும் இடங்கள். பிறகு வெளியே சற்றுத் தள்ளி நின்று கூரையைப் பாருங்கள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் உள்ளே யாரோ அலமாரியைக் கழற்றியிருக்கலாம். கதவு மேலே ஒட்டிக் கீழே விலகி நின்றால் கீலோ ஃப்ரேமோ வளைந்திருக்கிறது.

ஓட்டில் இருக்கும் கீறல், சின்ன ஓட்டை, மங்கிய நிறம் எதற்கும் பயப்பட வேண்டாம். விலை பேச அவை உதவும். ஆனால் அலமாரி, ஜன்னல், கதவு எல்லாம் கழற்றி வெறும் ஓடாக விற்கப்படும் வண்டியை, மலிவு என்பதற்காக மட்டும் முதல் முறை செய்கிறவர்கள் எடுக்காமல் இருப்பது நல்லது. காணாமல் போன ஒவ்வொரு துண்டையும் தேடுவதிலேயே கோடை போய்விடும்.

ஃப்ரேமில் விரிசல் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

13 அடி வண்டிகளில் இது பிரசித்தமான கோளாறு. காரோடு மாட்டும் முன்கம்பியும் டிரெய்லருக்கு அடியில் ஓடும் நீளச் சட்டமும் சந்திக்கும் பகுதியில் சட்டம் வளையும். குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்த வளைவுதான் சுமையை வாங்குகிறது. பல வருஷம் அப்படி வாங்கி வாங்கி அங்கே விரிசல் விடும்.

கம்பி பிரஷ்ஷால் துருவையும் பழைய பெயின்டையும் சுத்தமாகத் தேய்த்தெடுங்கள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தலைமுடி மாதிரி ஒரு கருப்புக் கோடும், அதிலிருந்து வழிந்த துருக்கறையும் தெரிந்தால் அதுதான் விரிசல். பழைய வெல்டிங் ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். முன்பக்க ஜாக்கை ஏற்றி இறக்கும்போது இன்னொருவரைப் பார்க்கச் சொன்னால், கோடு திறந்து மூடுவதுகூடத் தெரியும்.

விரிசலின்மேல் வெறுமனே வெல்டிங் ஓட்டினால் போதாது, பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும். விரிசலின் முனையை நிறுத்தி, பள்ளமாகத் தேய்த்து வெல்டிங் நிரப்பி, அதன்மேல் நீளமான தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். இதை டிரெய்லர் ஃப்ரேம் வேலை தெரிந்த வெல்டரிடம் கொடுங்கள். பின்னால் வரும் காரில் இருப்பதும் ஒரு குடும்பம்தான். வெல்டிங் நடக்கும்போது ஓடு தீப்பிடிக்காமல் மறைப்பு வைக்கச் சொல்லுங்கள், பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஆக்சிலை மாற்றியே ஆக வேண்டுமா?

அசல் ஆக்சில் இன்னும் இருந்தால், அநேகமாக ஆமாம். இதில் லாரியில் இருப்பதுபோன்ற பட்டை ஸ்பிரிங் கிடையாது. சதுரக் குழாய்க்குள் ஒரு தண்டு, அதைச் சுற்றி ரப்பர். சக்கரம் மேலே எழும்போது தண்டு திரும்பி ரப்பரை நசுக்கும், அதுதான் ஸ்பிரிங். எத்தனை அழகாகப் பாதுகாத்தாலும் ரப்பர் வயதானால் இறுகிப்போகும். அப்புறம் ரோட்டின் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக ஃப்ரேமுக்கும் ரிவெட்டுக்கும் (துளையில் செருகி நசுக்கி இறுக்கும் உலோக ஆணி) போகும். ஃப்ரேம் விரிசலுக்குப் பின்னால் பல சமயம் செத்துப்போன ஆக்சில் இருக்கிறது.

சோதிப்பது சுலபம். ஃப்ரேமுக்கு ஜாக் கொடுத்துத் தூக்குங்கள் (ஆக்சில் குழாய்க்குக் கொடுக்கக் கூடாது). சக்கரம் தரையை விட்டு எழுமுன், அதைத் தண்டோடு இணைக்கும் கை கொஞ்சமாவது கீழே இறங்க வேண்டும். வண்டியோடு சேர்ந்து அப்படியே எழுந்தால் ரப்பரில் உயிர் இல்லை.

ரப்பரை மட்டும் மாற்ற முடியாது, முழு ஆக்சிலாகத்தான் வாங்க வேண்டும். சுமை அளவு, இரு சக்கர நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம், ஃப்ரேமின் அகலம், கையின் ஆரம்பக் கோணம் ஆகியவற்றை அளந்து கொடுத்தால் செய்து தருவார்கள். சுமை அளவை ரொம்பக் கூட்டிச் சொல்லாதீர்கள். லேசான வண்டிக்குக் கனமான ஆக்சில் போட்டால் மறுபடியும் முரட்டு ஓட்டம்தான். மின்சார பிரேக்கோடு வாங்குங்கள். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால்தான் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம், போலர் அதற்குள் வராது. இருந்தாலும் இறக்கத்தில் வரும்போது அந்த பிரேக்கின் அருமை தெரியும்.

மழை பெய்தால் உள்ளே ஒழுகுகிறது. எங்கிருந்து என்றே தெரியவில்லை.

ஓடு ஒழுகாது. ஓட்டில் யாரோ போட்ட துளைதான் ஒழுகும். ஜன்னல், கூரைத் திறப்பு, விளக்குகள், கதவு ஓரம், அப்புறம் ரிவெட்.

உள்ளே சொட்டுகிற இடத்துக்கும் வெளியே நுழைகிற இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. தண்ணீர் உள்ளுறைக்குப் பின்னால் ஊர்ந்து போய் எங்கோ விழும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, மற்றவர் தோட்டக் குழாயைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் புரியாது. இன்னொரு வழியும் உண்டு. ஒரு ஜன்னலில் அட்டையை ஒட்டி, அதில் ஊதும் விசிறியைப் பொருத்தி, மற்றதை எல்லாம் மூடிவிட்டு உள்ளே காற்றை அடையுங்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஒழுகும் இடத்தில் குமிழி வரும்.

ரிவெட்டைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். போலரின் வெளிப்பக்கத்தில் வரிசையாகத் தெரியும் பொத்தான்கள் அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே இருக்கும் அலமாரிகளையும் பெட்டிகளையும் ஓட்டோடு பிடித்திருப்பவை அவைதான். அலுமினிய ரிவெட் காலப்போக்கில் தளரும், தலையைச் சுற்றித் தண்ணீர் இறங்கும். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான். வரிசையாக எல்லாவற்றையும் எடுத்தால் அலமாரி கையோடு வந்துவிடும்.

பழைய ரிவெட்டின் உடம்பு அளவுக்கே டிரில் முனை எடுங்கள், பெரிசு வேண்டாம். டிரில்லோடு சேர்ந்து ரிவெட் சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். சுற்றச் சுற்ற ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். தலையைக் குறடால் பிடித்துக்கொண்டு மெதுவாகத் துளைத்தால் தலை தனியே வந்துவிடும், மிச்சத்தைத் தட்டி எடுக்கலாம். துளையைச் சுத்தம் செய்து, புது ரிவெட்டின் கழுத்தில் கடல்படகுகளுக்கு விற்கும் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) தடவி மாட்டுங்கள். உள்பக்கம் வாஷர் அவசியம். துருப்பிடிக்காத போல்ட் போடுகிறவர்களும் உண்டு. கனம் தாங்கும் மேல் அலமாரிகளுக்கு நானும் போல்ட்தான் போட்டேன். ஒரே எச்சரிக்கை: மிகவும் இறுக்கினால் ஜெல்கோட் (ஓட்டின் நிறமுள்ள வெளிப்பூச்சு) நட்சத்திரமாக வெடிக்கும்.

சிலிக்கோன் வைத்து அடைத்தால் போதாதா?

வேண்டாம். சிலிக்கோனின்மேல் வேறு எதுவும் ஒட்டாது, பெயின்ட்கூட. சில வருஷத்தில் ஓரம் கிளம்பிவிடும், பிறகு அந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது பெரும்பாடு. ஜன்னல் சட்டத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் பியூட்டைல் டேப் (பிசைந்த மாவு மாதிரி மெத்தென்ற ரப்பர்ப் பசை நாடா) வையுங்கள். ஜன்னலைக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, மினரல் ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு டேப் போட்டுத் திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். டேப் ஓரத்தில் பிதுங்கி வரும். மறுநாள் மறுபடி இறுக்கிவிட்டு, பிதுங்கியதைச் சீவிவிடலாம்.

கூரைத் திறப்புக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம். வாங்குமுன் உங்கள் துளையை அளந்து பாருங்கள்.

தரை உளுத்திருக்கிறது. முழுதும் மாற்ற வேண்டுமா?

ஸ்க்ரூடிரைவர் இறங்குகிற இடம் மட்டும் உளுத்தது என்று நினைக்காதீர்கள். நனைந்த பிளைவுட் அதைத் தாண்டி ஒரு சாண் தூரமாவது மெத்தென்று இருக்கும். நல்ல மரம் வரும்வரை வெட்டுங்கள். வெட்டுமுன் ரம்பத்தின் ஆழத்தைத் தரையின் தடிப்புக்கே வையுங்கள், கீழே ஃப்ரேமும் வயரும் இருக்கின்றன.

வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், புதுத் துண்டுக்கு அதுதான் அளவு. படகுக்கான பிளைவுட் வாங்கி, ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் எபாக்சி என்ற ஒட்டுப் பிசின் பூசிக் காயவிட்டுப் பொருத்துங்கள். தரையும் ஓடும் சேரும் மூலையில் ஃபைபர்கிளாஸ் துணியால் மறுபடி ஒட்ட வேண்டும். இந்த ஒட்டுதான் தரையையும் ஓட்டையும் ஒன்றாக்குகிறது, அதைத் தவிர்த்தால் ஓடு ஆடும். ஒழுக்கை நிறுத்தாமல் தரையை மாற்றுவது வீண் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே இடம் போதவில்லை. அலமாரிகளைக் கழற்றிவிடலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும். அந்த அலமாரிகள்தான் கூரையைத் தாங்குகின்றன. கதவோரம் நிற்கும் உயர்ந்த துணி அலமாரி ஒரு தூண் மாதிரி வேலை செய்கிறது. அதை எடுத்தால் கூரை மெல்ல இறங்கும், கதவு ஒட்டாது, ஜன்னல் ஓரங்களில் விரிசல் விடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதை எடுக்குமுன் கூரைக்கு முட்டுக் கொடுத்து, அதே இடத்தில் அதே பலத்தோடு வேறொன்று நிற்கும்படி திட்டமிடுங்கள்.

உள் சுவரில் ஒட்டியிருக்கும் மெத்தென்ற உறை தொங்குகிறது. பிய்த்துவிடலாமா?

என்சோலைட் என்ற நுரைப் படலம் அது. மேலே வினைல் முகம் இருக்கும். குளிரையும் தடுக்கும், உள்ளே மூச்சுக்காற்று நீராகப் படிவதையும் குறைக்கும். நல்ல நிலையில் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லேசான சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும், எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். தொங்கும் இடத்தில் இருபக்கமும் கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை தடவி அழுத்தலாம். சுருங்கி விரிசல் விட்டதற்குப் பெயின்ட் அடிக்கலாம். பின்னால் பூஞ்சை பரவியிருந்தால் மட்டும் எடுங்கள், பதிலுக்குத் தண்ணீர் உறிஞ்சாத நுரை போடுங்கள். வீட்டுச் சுவருக்குள் வைக்கும் கண்ணாடிப் பஞ்சு இங்கே சரிப்படாது.

ஓட்டில் விரிசலையும் ஓட்டையையும் நானே அடைக்க முடியுமா?

முடியும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பொறுமையாகச் செய்தால், உடைந்த இடம் எது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் பாதுகாப்பு. ஃபைபரை நனைத்து ஒட்டும் பிசினான ரெசினின் வாடை வெறும் வாடை இல்லை, ஸ்டைரீன் ஆவி. ரசாயன ஆவிக்கான வடிகட்டி வைத்த முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். ரெசினை இறுக வைக்கும் எம்.இ.கே.பி. என்ற திரவம் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். தேய்க்கும்போது பறக்கும் தூசும் நுரையீரலுக்கு ஆகாது.

உடைந்த இடத்தைச் சுற்றி ஓட்டைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிப்பைப்போல் 12 மடங்கு தூரம் என்பது கணக்கு. ஓடு 3 மி.மீ. என்றால் சுற்றிலும் சுமார் 36 மி.மீ. சரிவு. அசிட்டோனால் துடையுங்கள். உள்பக்கம் மெழுகுத் தாள் சுற்றிய அட்டையைத் தாங்கலாக வைத்து, வெட்டி வைத்த ஃபைபர் பாயை (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினில் நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியுங்கள். நனைவதற்கு முன் பாய் வெள்ளையாக இருக்கும். ரெசின் உள்ளே ஊறியதும் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது, உருளையால் அழுத்தி வெளியேற்றுங்கள்.

இறுக்கும் திரவம் ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். வெயில் நாளில் குறைவாக, குளிரில் சற்றே அதிகமாக. ஒரே கிண்ணத்தில் நிறையக் கலக்க வேண்டாம். திடீரென்று கட்டியாகிச் சூடேறிப் புகையும். 15 டிகிரிக்குக் கீழே இந்த வேலையைத் தொடாதீர்கள், சரியாக இறுகாது. ஒன்டாரியோவில் சூடேற்றிய கராஜ் இல்லாதவர்களுக்கு மே கடைசி முதல் செப்டம்பர் வரைதான் காலம்.

பாலியெஸ்டரா எபாக்சியா என்று கேட்பார்கள். அசல் ஓடு பாலியெஸ்டர். மேலே ஜெல்கோட் பூசப் போகிறீர்கள் என்றால் பாலியெஸ்டரே நல்லது, எபாக்சியின்மேல் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. எபாக்சிக்கு ஒட்டும் பலம் அதிகம், மரத்தோடு சேரும் தரை வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாதாரண ஃபைபர் பாயை இணைத்திருக்கும் பசை எபாக்சியில் கரையாது, நெய்த துணிதான் வேண்டும்.

ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே நிற்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்தோ, மேலே பி.வி.ஏ. படலம் தெளித்தோ காற்றைத் தடுத்தால் முழுதாகக் காயும்.

பெயின்ட் அடிக்க வேண்டுமா, பாலிஷ் போதுமா?

ஒரு சதுர அடியில் ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்த்துப் பாருங்கள். நிறம் மீண்டு வந்தால் பாலிஷ்தான், பெயின்டை மறந்துவிடுங்கள். ஜெல்கோட் தேய்ந்து அடியில் இருக்கும் இழை தெரிந்தால் மட்டும் பெயின்ட். படகுகளுக்கு விற்கும் ஒற்றைக்கூறு (எதையும் கலக்காமல் அடிக்கும்) பாலியூரித்தேன் பெயின்டை உருளையால் ஓட்டி, உடனே மென்மையான பிரஷ்ஷின் நுனியால் வருடிவிட்டால் ஸ்ப்ரே அடித்ததற்கு அருகில் வரும். இரட்டைக்கூறு பெயின்டை ஸ்ப்ரே செய்வதை அதற்கான வசதி உள்ளவர்களிடம் விடுங்கள், அதிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளுக்குச் சாதாரண முகமூடி போதாது.

மின்சாரம், காஸ்?

வயரை மொத்தமாகப் புதிதாக இழுத்துவிடுங்கள். 12 வோல்ட், எல்.இ.டி. விளக்கு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ஃபியூஸ். பின்விளக்கு மினுக்கினால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

காஸ் வேலையை நீங்களே செய்ய வேண்டாம். ஒன்டாரியோவில் அதற்கு உரிமம் பெற்றவர் வேண்டும். கனடாவில் சிலிண்டரை 10 வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வாங்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, அதனால் அதன் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்று வையுங்கள். அத்தனை சின்ன அறையில் நான்கு பேர் தூங்குகிறீர்கள்.

என் காரே இழுக்குமா?

வெறும் போலர் ஏறக்குறைய 450 கிலோ. சாமான், தண்ணீர், சிலிண்டர் எல்லாம் ஏறினால் இன்னும் நிறையக் கூடும். ஊகிக்காமல் ஏற்றிய வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள், காரின் கையேட்டில் உள்ள இழுவை அளவோடு ஒப்பிடுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும். ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும்.

முதல் பயணத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆறு வயதைத் தாண்டியிருந்தால், பூ அழியாமல் இருந்தாலும் மாற்றுங்கள். முதல் இரவை வீட்டு வாசலிலேயே தூங்குங்கள், முடிந்தால் மழை நாளில். அடுத்த தடவை ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் பூங்காவுக்குப் போங்கள். அல்கோன்குவின் பெரும்பூங்கா அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். புது ஆக்சில் போட்டிருந்தால் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஓரமாக நிறுத்திச் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள். நிறுத்தியதும் சக்கர மையத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாங்க முடியாத சூடாக இருந்தால், பேரிங்கைப் பார்க்காமல் மேலே ஓட்டாதீர்கள்.